குழாயடி டம்ளர்

ஜூன் 3, திங்கள்

மையத்தில் வேலை செய்கிற எல்லோரும் இனி நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். டைரக்டர் மேடத்தின் புதுக் கட்டளை. ஆண்டறிக்கை தயாரிக்கும்போது உதவும் என்கிறார். அறிக்கைக்கு வேண்டியதை அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். இதில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்.

பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்கு வந்த குடும்பங்களுக்கு ரேஷன், ஆதார், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றுக்கும் கூட ஓடுவதுதான் எங்கள் மையத்தின் வேலை. ஓடுவது என்றால் நான் ஓடுவது. மற்றவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே ஓடுவார்கள்.

இன்றைக்கு மினதி என்று ஓர் ஒடியாப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கம்பெனியில் செக்கிங் வேலை. புருஷன் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். கூட ஒரு பெண் குழந்தை, குனி. ஒன்பது வயது. ரஞ்சன்தான் அவள் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொன்னான். அவனும் ஒடிசாக்காரன். பல வருடம் டெய்லராக இருந்துவிட்டு இப்போது மையத்தில் எனக்கு உதவியாக இருக்கிறான். அவன் தமிழைக் கேட்டால் பக்கத்து வீதிக்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

மினதி கேட்டது ஒன்றே ஒன்று. குனி படிக்க வேண்டும். புருஷன் செத்தபிறகு அவன் அண்ணன் வீட்டில் இருந்தார்களாம். அங்கே குழந்தையின் படிப்பை நிறுத்தி, மாடு பார்க்கவும் பிள்ளை தூக்கவும் விட்டுவிட்டார்கள். அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் ரயில் ஏறி வந்திருக்கிறாள்.

"சேத்தி விட்டர்லாம் அம்மிணி, அழுகாதே" என்றேன். அவள் அழவேயில்லை. எனக்குத்தான் வாய்ப் பழக்கம்.

ஜூன் 11, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் பெரிய சண்டை. தமிழ் தெரியாத பிள்ளையை இரண்டாம் வகுப்பில்தான் உட்கார வைப்பேன் என்று தலைமையாசிரியர் ஒற்றைக்காலில் நின்றார்.

"ஏனுங் சார், இந்தப் புள்ளையோட ஒசரத்தப் பாருங்க. சின்னக் கொழந்தைக கூட உட்கார வெச்சா வெக்கத்துல நின்னுக்காதுங்களா?"

"படிக்கத் தெரியோணுமில்லீங் மேடம்."

அப்போது குனி சுவரில் இருந்த எழுத்துகளை விரலால் காட்டி ஒவ்வொன்றாக வாசித்தாள். 'கை கழுவுக' என்று முடித்தாள். பஸ்ஸிலும் கடைகளிலும் இருக்கிற போர்டுகளைப் பார்த்து, வருவோர் போவோரைக் கேட்டுத் தானாகவே கற்றுக்கொண்டிருக்கிறாள்! தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான்காம் வகுப்பு.

வெளியே வந்ததும் மினதி என் கால் பக்கம் குனிந்தாள். பிடித்து நிறுத்தினேன். இந்த மாதிரி நாளுக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று எதற்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 15, சனி

ஒடிசாக்காரர்களுக்கு இன்று ரஜ பண்டிகை. பெண்கள் வேலை செய்யக் கூடாதாம், ஊஞ்சல்தான் ஆட வேண்டுமாம். நல்ல பண்டிகையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர்கள் குடியிருக்கிற லைன் வீட்டு வரிசைக்கு முன்னால் வேப்பமரத்தில் சேலையைக் கட்டிக் குனி ஆடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் காலை ஊன்றி நிறுத்திவிட்டு ஓடி வந்தாள்.

மினதி ஒரு சின்னத் துணி முடிச்சைக் கொண்டுவந்தாள். உள்ளே காய்ந்த சோற்றுப் பருக்கைகள். பூரி ஜகந்நாதர் கோயில் பிரசாதம். என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து ஏதோ சொன்னாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டேன். பழனி பஞ்சாமிர்தம் கொடுத்தாலும் அப்படித்தானே செய்வோம். பிறகு முடிச்சை என்னிடம் நீட்டி, தன் வாயைத் திறந்தாள். அவர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று இரண்டு பருக்கை போட்டேன். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

திரும்பி வரும் வழியில் ரஞ்சன் விளக்கினான்.

"மேடம், இனிமே நீங்க ரெண்டு பேரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதுங்க. ஒருத்தர ஒருத்தர் மகாபிரசாத்னுதான் கூப்பிடோணும். அந்தச் சோத்த மாத்தித் தின்னுட்டா சாகற வரைக்கும் சொந்தமுங்க. அவங்க புள்ள உங்க புள்ள."

"இதையெல்லாம் முன்னாடியே சொல்றதில்லையா?"

"அவங்க சொல்லிக் கேட்டாங்களே மேடம். நீங்க தலையாட்டுனீங்க."

யார் எது சொன்னாலும் தலையாட்டிக் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுத்த பயிற்சி. சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் கோயில் பிரசாதம் வாங்கித் தின்றவர்கள் எல்லாம் சொந்தம் என்றால் வீடு கொள்ளுமா?

"அந்தக் கோயில் சோத்துக்கு மட்டும் எச்சில், தீட்டு ஒண்ணுமே கெடையாதுங்க மேடம். யார் கையில இருந்தும் யாரும் வாங்கித் திங்கலாம்" என்றான். நல்ல விஷயம். ரஞ்சன் எடுத்த போட்டோவை 'பண்பாட்டு நல்லிணக்கம்' என்று தலைப்புப் போட்டு டைரக்டர் மேடத்துக்கு அனுப்பினேன்.

ஜூன் 23, ஞாயிறு

நவீனுக்குப் பெண் பார்க்கும் விஷயமாக நங்கையா, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, குடும்பத்தோடு வந்திருந்தார். பதினைந்து பேருக்குச் சமையல். இன்றைக்குத்தான் மையத்தில் மருத்துவ முகாம் வேறு. நான் விடுப்புச் சொல்லிவிட்டேன். பெங்களூரில் வேலை பார்க்கிற மகனுக்கு வரன் அமைவது முகாம் மாதிரி மாதாமாதம் வருகிற சமாச்சாரமா?

கைக்கு ஆள் இல்லாமல் மினதியை வரச் சொன்னேன். காலையிலேயே குனியோடு வந்துவிட்டாள். இப்போது தமிழ் கொஞ்சம் வருகிறது. "மகாபிரசாத், இன்னிக்கு எக்ஸ்ரே வண்டி வருது. நான் போகணும். இருமல்" என்றாள்.

"அடுத்த மாசமும் வரும் அம்மிணி. பஞ்சுத் தூசுக்கு எல்லாத்துக்குந்தான் இருமல். இந்தப் பாத்திரத்த மட்டும் முடிச்சுக் குடுத்துரு" என்றேன். முடித்துக் கொடுத்தாள். பாத்திரம் தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருந்தது.

நங்கையா பின்கட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, மினதி டீ குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்த டம்ளரையும் ஒரு பார்வை பார்த்தார். குழாய்த் திட்டில் எப்போதும் இருக்கிற டம்ளர்தான். மட்டமான டம்ளர் ஒன்றும் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு வந்த செட்டில் பன்னிரண்டில் ஒன்று. வெளியே வேலை செய்கிறவர்களுக்குக் கைக்கெட்டுகிற இடத்தில் இருந்தால் வசதி என்று வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

ஜூன் 24, திங்கள்

முகாம் அறிக்கை அனுப்பினேன். கூப்பிட்டும் வராதவர்களில் மினதியும் ஒருத்தி. இந்த ஜனங்களுக்கு உடம்பைப் பற்றிய அக்கறையே இல்லை என்று டைரக்டர் மேடம் வருத்தப்பட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

குனி மையத்துக்கு வந்து, திருக்குறள் ஒப்பித்ததற்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பென்சில் பெட்டியைக் காட்டினாள். "மௌசி, பாருங்க!" மௌசி என்றால் அவர்கள் பாஷையில் அம்மாவின் அக்கா தங்கச்சி. பெரியம்மா, சின்னம்மா எல்லாமே. மையத்தில் எல்லோர் முன்னாலும் மௌசி மௌசி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். எனக்குப் பெண் குழந்தை இல்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் பெரிதாக நினைத்ததும் இல்லை.

"அம்மா எங்க கண்ணு?"

"படுத்திருக்கு. காய்ச்சல்."

ஜூலை 20, சனி

மினதி கம்பெனியில் ரத்தமாக இருமி விழுந்துவிட்டாள். ஜி.எச்.சில் சேர்த்திருக்கிறோம். இவ்வளவு எப்போது மெலிந்தாள் என்றே தெரியவில்லை. தூக்கியபோது கையில் எலும்புதான் இருந்தது.

ஜூலை 22, திங்கள்

டி.பி. டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ரெண்டு பக்கமும் நுரையீரல் போயிருச்சும்மா. மருந்து ஆரம்பிச்சிருக்கோம். போன மாசம் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தாக்கூட இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம்."

"முகாம் வெச்சமுங்க டாக்டர். அவதான் வரலை" என்றேன்.

மினதி கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். இப்போதெல்லாம் அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரிகிறது. கண்ணை மூடிக்கொண்டாள். அசதியாக இருந்திருக்கும்.

குனிக்கும் சோதனை செய்தார்கள். ஒன்றுமில்லை. யாரோடும் பழகலாம், பள்ளிக்கூடம் போகலாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். குழந்தை பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறாள்.

ஜூலை 29, திங்கள்

பேச்சு மூச்சுக்காற்றாகத்தான் வருகிறது. முகமூடி போட்டுக்கொண்டு பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"மகாபிரசாத். ஊருக்கு அனுப்பாதே. குனி படிக்கணும். உன் வீட்ல."

"செரி அம்மிணி. நீ தைரியமா இரு."

"நீ சொல்லு. என் புள்ள, உன் புள்ள."

"ஆமாம்மா. என்ற புள்ளதான்."

இந்த நிலைமையில் வேறு என்ன சொல்ல முடியும்? யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். நெருப்பாகச் சுட்டது. வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நர்ஸ் பார்க்கிறாள் என்று அடக்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. குடும்பத்தோடு பவானிக்குப் போயிருந்தோம்.

மதியம் மினதி போய்விட்டாள்.

கூட்டத்தின் சத்தத்தில் போன் கேட்கவில்லை. இரண்டாவது தடவை அடித்தபோது பார்த்தேன், ரஞ்சன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு விஷயமாக இருக்கும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று பையில் போட்டுவிட்டேன். ஈர முளைப்பாரியும் பூவும் கையில் இருந்தன.

உயிர் போகும்போது அந்தக் கோயில் சோற்றை வாயில் வைப்பார்களாம். மகாபிரசாத் வந்து வைக்கட்டும் என்று வாயை இறுக்கி மூடியிருந்தாளாம். கடைசியில் ரஞ்சன்தான் வைத்தானாம். "உள்ள போகலைங்க மேடம்" என்றான்.  

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மின்மயானத்தில் முடித்தோம். குனியை நான் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவளுடைய பெரியப்பாவுக்குத் தகவல் போயிருக்கிறது, வர நாலைந்து நாள் ஆகும். அதுவரைக்கும்தான் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் கடைக்குப் போய்க் குழந்தைக்கு பிஸ்கட் வாங்கி வந்தார்.

பின்கட்டு அறையில் பாய் விரித்துக் கொடுத்தேன். காற்றோட்டமான அறை. "மௌசி, நாளைக்கு ஸ்கூல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த வேகத்தில் குனி நேராகச் சமையலறைக்குள் போய், இவருடைய டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டாள். நங்கையா வேறு அந்த நேரம் பார்த்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குழந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குனி சமர்த்துப் பிள்ளை. இனி எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. குழாய்த் திட்டு டம்ளரைத் தானே எடுத்துக்கொள்கிறாள், குடித்து முடித்ததும் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறாள். காலையில் டீ ஊற்றும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். அப்படியெல்லாம் நிற்கும்படி நான் சொல்லவேயில்லை. யாரிடம் கற்றுக்கொண்டாள்?

ஆகஸ்ட் 7, புதன்

குழந்தைகள் நலக் குழுவிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்த அம்மா நல்ல மாதிரி.

"பெரியப்பா வீட்ல படிக்க வெப்பாங்கன்னு தோணலைங்க. உள்ளூர்ல நல்ல குடும்பம் யாராச்சும் வளக்கறோம்னு மனுக் குடுத்தா நாங்க அனுமதிப்போம். தாய் ஒங்க பேரத்தான் சொன்னாங்களாமே?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு இவரிடம் கேட்டேன்.

"அந்தப் புள்ளைய நாமளே வெச்சுக்கலாமான்னு ஆபீசுல கேக்கறாங்க. நவீனுக்கு வரன் பாக்கற நேரம். நங்கையா என்ன சொல்லுவாங்களோ. எந்த ஊரோ, என்ன சனமோ. ஒங்களுக்கும் தொந்தரவு."

இவர் வெகுநேரம் விரலால் மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள நல்ல புள்ளதான். நேத்து என்ற டேபிள் மேல கெடந்த பேப்பரப் பூரா படிச்சுக் காட்டுச்சு. நீ என்ன சொல்றே சாந்தா? உனக்கு வெச்சுக்கோணும்னு இருக்குதா?"

"நான் என்னத்தச் சொல்றதுங்க. ஒங்க இஷ்டம்."

"நானா கேட்டேன்? நீதானே கேட்டே. நீ சொல்லு."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். இவரும் போய்ப் படுத்துக்கொண்டார்.

இவருக்கு விருப்பமில்லை. விருப்பம் இல்லாத வீட்டில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? காலையில் குழுவுக்குப் போன் செய்து, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெரியப்பா வந்துவிட்டார். மீசையும் கடுகடுப்புமாக யாரோ வருவார் என்று நினைத்திருந்தேன். ஒடிசலான, களைத்த மனிதர். கையில் ஒரு மஞ்சள் பை. ரஞ்சன் மூலம் பேசினார். தம்பி குழந்தை, விட முடியுமா என்றார். வீட்டில் நாலு பிள்ளைகள் இருக்கிறார்களாம், மனைவிக்கு இடுப்பு வலியாம். குனி வந்தால் ஒத்தாசையாக இருக்கும் என்று சந்தோஷமாகவே சொன்னார்.

"பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

ரஞ்சன் அதை மாற்றிச் சொல்லவில்லை. "எதுக்குங்க மேடம் கேக்கறீங்க?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டான். இத்தனை நாளில் அவன் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எனக்குச் சுருக்கென்றது. 

குனி உள்ளே தன் புத்தகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். தமிழ்ப் புத்தகங்களை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"இத ஸ்கூல்ல குடுத்துருங்க மேடம். அங்க இந்த எழுத்து கெடையாது."

மேடம் என்கிறாள். யோசித்துப் பார்த்தால் திங்கட்கிழமையிலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறாள். நான்தான் கவனிக்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, சனி

ஸ்டேஷனுக்குப் போனேன். இவரும் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். பெரியப்பா ஜன்னலோரம் இடம் பிடித்துக் குனியை உட்கார வைத்தார். அவள் மடியில் அந்தப் பென்சில் பெட்டி.

கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஜன்னல் கம்பி குறுக்கே இருந்தது. கம்பி இல்லாத இத்தனை நாளில் என்ன செய்தேன் என்று என்னையே கேட்டுக்கொள்ள முடியாமல், ஓடிப்போய்க் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கி மூடியைத் திறந்தாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நின்றாள்.

"மேடம், இதுல வாய் வெச்சுக் குடிக்கலாமுங்களா?"

சுத்தமான திருப்பூர்த் தமிழ். இரண்டே மாதத்தில் எவ்வளவு நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டாள்.

"அது உனக்குத்தான் கண்ணு. உனக்கே உனக்குத்தான்" என்றேன்.  அவள் கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தாள். கழுத்தெல்லாம் நனைந்துவிட்டது. ரயில் கிளம்பியது.

ஆகஸ்ட் 12, திங்கள்

பீகாரிலிருந்து ஒரு புதுக் குடும்பம் மையத்துக்கு வந்தது. இரண்டு பிள்ளைகள். அந்தத் தாயிடம் 'சேத்தி விட்டர்லாம் அம்மிணி' என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. எல்லாவற்றையும் ரஞ்சனே பேசி முடித்தான். என் பக்கம் திரும்பவில்லை.

டைரக்டர் மேடம் ஆண்டறிக்கையின் அட்டைக்கு அந்த ரஜ பண்டிகைப் போட்டோவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். மினதி வாயைத் திறந்திருக்கிறாள், நான் ஊட்டிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றார்.

சாயங்காலம் பின்கட்டுக்குப் போனேன். குழாய்த் திட்டில் டம்ளர், குனி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. அப்படித் தேய்த்து வைத்திருக்கிறாள், உள்ளே இருக்கிற பதினொன்றைவிடவும் பளபளவென்று இருக்கிறது. எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தேன். அலமாரியில் மற்ற டம்ளர்களோடு வைக்கக் கை போனது.

வைத்துவிட்டால் அப்புறம் எது அது என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

கொண்டுபோய் இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.